ஹைட்ரைடு டின்னா, ஹைட்ரஜன் நீக்கிய டின்னா? சுங்கை சிப்புட் டைட்டானியப் பொடிப் பட்டறை குறித்த மதிப்புரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் சாலைப் பக்கமுள்ள ஒரு தொழிற்கூட வரிசையில், லோரி பழுதுபார்க்கும் கடைக்கும் செம்பனை ஆலைகளுக்கு இரும்பு வேலை செய்து கொடுக்கும் பட்டறைக்கும் நடுவே, டைட்டானியத்தைப் பொடியாக்கி விற்கும் சிறிய கூடம் ஒன்று இயங்கி வருகிறது. பெயர்ப்பலகைகூட வைக்காத இடம். கேள்விப்பட்டவர்கள்தான் தேடி வருகிறார்கள். கையுறை ஆலைகளின் குளோரின் நீர்த் தொட்டிகளுக்கு வேண்டிய நுண்துளைக் குழாய்களையும், இரசாயனக் குழாய்களுக்கான சிறிய வால்வுப் பாகங்களையும் செய்வது எங்கள் தொழில். அதற்கான பொடியை முன்பு வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தோம்; இப்போது பெரும்பாலும் இங்கேதான் வாங்குகிறோம். இவர்கள் விற்பது இரண்டு பொருள்கள்: டைட்டானியம் ஹைட்ரைடுப் பொடி, அதிலிருந்து ஹைட்ரஜனை நீக்கி எடுத்த உலோகப் பொடி. முதலாவதைத் தயங்காமல் வாங்கலாம் என்பதும், இரண்டாவதை டின்னைத் திறந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்பதும் என் கருத்து.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இரண்டு டின்களுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். டைட்டானியம் இழுபடும் தன்மை கொண்ட உலோகம்; அதை அப்படியே அரவை உருளையில் போட்டால் நசுங்குமே தவிர நொறுங்காது. ஆனால் சூடான நிலையில் அது ஹைட்ரஜனைத் தாராளமாக உள்வாங்கி டைட்டானியம் ஹைட்ரைடாக மாறிவிடும். முழுமையாக மாறிய ஹைட்ரைடின் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு ஹைட்ரஜன். உலோகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.51 கிராம்; ஹைட்ரைடின் அடர்த்தியோ 3.75 கிராமை ஒட்டியது. அதாவது, உலோகம் ஹைட்ரைடாக மாறும்போது அதன் கன அளவு கால் பங்கு கூடிவிடுகிறது. அந்த வீக்கத்தைத் தாங்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே வெடிப்புகள் ஓடி, கட்டி கட்டியாக இருந்த உலோகம் காய்ந்த அப்பளம்போல் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதை ஆர்கான் வாயுவின் காப்பில் அரைத்துச் சலித்தால் ஹைட்ரைடுப் பொடி. அந்தப் பொடியை வெற்றிடத்தில் மறுபடியும் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றினால் உலோகப் பொடி.

மூலப்பொருளாக இவர்கள் எடுப்பது பஞ்சு டைட்டானியம். லக்சம்பர்க் நாட்டவரான வில்லியம் குரோல் 1940இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முறைப்படி, டைட்டானியம் டெட்ராகுளோரைடை மெக்னீசியத்தால் ஒடுக்கி எடுக்கப்படும் துளைகள் நிறைந்த உலோகம் அது. கின்டா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற அமாங் மணலில் டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட்டு கலந்திருக்கிறது என்பது இந்த வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். இருந்தும், உலோகப் பஞ்சு வெளிநாட்டிலிருந்துதான் வந்து சேர்கிறது என்பது எனக்கு எப்போதும் மனக்குறையாகவே இருந்து வருகிறது.

வாடிக்கையாளர் கேட்டால் உலையருகே நின்று பார்க்க விடுகிறார்கள். பட்டறையை நடத்தும் அண்ணன் முன்பு ரப்பர் ஆலையொன்றில் கொதிகலன் பார்த்தவர். அழுத்தமானியைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்தது. பஞ்சுக் கட்டிகளைத் துருப்பிடிக்காத எஃகுக் கலத்தில் அடைத்து, முதலில் வெற்றிடத்தில் சூடாக்கி ஈரத்தை விரட்டுகிறார். 600 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் ஹைட்ரஜனை உள்ளே விடுகிறார். சிறிது நேரம் முள் அசையாமல் நிற்கிறது. பிறகு உலோகம் வாயுவைக் குடிக்கத் தொடங்கியதும் முள் மளமளவென்று கீழே இறங்குகிறது. இந்த வினை தானாகவே வெப்பத்தை வெளியிடுவது என்பதால், வால்வை முழுவதுமாகத் திறந்துவிட்டால் கலத்தின் நடுப்பகுதி அளவுக்கு மீறிச் சூடேறிவிடும். அவர் வால்வைச் சிறிது திறப்பதும், முள் நிலைகொள்ளும்வரை காத்திருப்பதும், மறுபடி திறப்பதுமாகப் பொறுமையோடு வேலை செய்கிறார். வெளியே எடுத்த கட்டியை விரலிடுக்கில் வைத்து அழுத்தினாலே கருஞ்சாம்பல் நிறத்தில் உதிர்கிறது.

இந்தப் பட்டறையை நான் மனமார மதிப்பதற்கு முதன்மையான காரணம் டின்னின் மேல் ஒட்டப்படும் சீட்டு. சந்தையில் கிடைக்கும் டைட்டானியப் பொடிகளில் பெரும்பாலானவை ‘99.5 விழுக்காடு தூய்மை’ என்று எழுதிக்கொண்டு வருகின்றன. அந்த எண் மற்ற உலோகங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். ஆக்சிஜனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாமல் போகலாம். டைட்டானியத்தைப் பொறுத்தவரை ஆக்சிஜன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது சிறிது கூடினால் உலோகம் உறுதி பெறும். மேலும் கூடினால் வளையாமல் முறியும். அமெரிக்க ஏஎஸ்டிஎம் தரநிலையில் கலப்பில்லாத டைட்டானியத்தின் தரம் 1க்கு ஆக்சிஜன் வரம்பு 0.18 விழுக்காடு, தரம் 2க்கு 0.25, தரம் 3க்கு 0.35, தரம் 4க்கு 0.40. ஆறு விழுக்காடு அலுமினியமும் நான்கு விழுக்காடு வனேடியமும் சேர்ந்த 6-4 கலவைக்கு, அதாவது தரம் 5க்கு, வரம்பு 0.20, மருத்துவத்தில் பயன்படும் தரம் 23க்கு 0.13 மட்டுமே. ஹைட்ரஜன் பொடிக்குள் இருந்தால் பின்னர் வெற்றிட உலையில் இழுத்து வெளியேற்றிவிடலாம். ஆக்சிஜன் உலோகத்துக்குள் கரைந்துவிட்டால் எந்த வெற்றிட உலையாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே, பொடி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய எண் அதுதான்.

இந்தப் பட்டறை ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, மந்த வாயுவில் உருக்கி ஆக்சிஜனை அளக்கும் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, வந்த எண்ணைச் சீட்டில் கையால் எழுதி ஒட்டுகிறது. கையடக்க எக்ஸ்ரே கருவியைக் காட்டி ‘சோதித்துவிட்டோம்’ என்று சொல்லும் விற்பனையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்; அந்தக் கருவியால் ஆக்சிஜனை அளக்கவே முடியாது. 100 மெஷ் சல்லடையில் இறங்கிய பொடிக்கும் (150 மைக்ரானுக்குக் கீழ்) 325 மெஷ் சல்லடையில் இறங்கிய பொடிக்கும் (45 மைக்ரானுக்குக் கீழ்) தனித்தனி எண் எழுதுகிறார்கள் என்பதைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். துகள் சிறியதாகும்போது மேற்பரப்பு கூடுகிறது. மேற்பரப்பு கூடும்போது அதில் படியும் ஆக்சைடும் கூடுகிறது. ஒரே பஞ்சிலிருந்து வந்த பொடியில், பருத்தது தரம் 1இன் வரம்புக்குள் இருக்க, நுண்ணியது தரம் 2இன் வரம்பை ஒட்டி நின்றதை இவர்கள் சீட்டிலேயே பார்த்தேன். இதை மறைக்காமல் எழுதுகிற விற்பனையாளரை நம்பலாம்.

இனி ஹைட்ரைடுப் பொடியைப் பற்றி. அடர்த்தியான பாகங்கள் செய்கிறவர்கள் ஹைட்ரஜனை நீக்காத இந்தப் பொடியையே வாங்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஹைட்ரைடை அச்சில் அழுத்தும்போது அதன் துகள்கள் உலோகத்தைப்போல் நசுங்காமல் மேலும் உடைந்து இடைவெளிகளுக்குள் போய் அமர்கின்றன. உலையில் சூடேறும்போது ஹைட்ரஜன் வெளியேறுகிறது. போகிற போக்கில் துகள்களின் மேற்பரப்பிலுள்ள ஆக்சைடில் ஒரு பகுதியையும், பஞ்சில் மிச்சமிருந்த குளோரைடையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறது. அப்போது எஞ்சும் புதிய உலோக மேற்பரப்புகள் ஒன்றோடொன்று விரைவாக ஒட்டிக்கொள்கின்றன. 1,200 முதல் 1,350 டிகிரி வரையில், உருகாமலேயே துகள்களை இணைக்கும் சின்டரிங் முடிந்து வெளிவரும் துண்டை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், முன்பு உலோகப் பொடியில் செய்த துண்டில் கண்ட கோணலான துளைகளுக்குப் பதிலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறிய உருண்டைத் துளைகள் மட்டுமே தெரிகின்றன. இதை நானாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. கியேவ் நகரின் உலோக இயற்பியல் கழகத்தில் ஒரெஸ்ட் இவாசிஷின் குழுவினர் இந்த வழியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சாக் ஃபாங் குழுவினர் ஒரு படி மேலே போய், சின்டரிங் நடக்கும்போதே உலைக்குள் ஹைட்ரஜனின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, நுண்ணிய உள்ளமைப்பு கொண்ட 6-4 கலவையை எடுத்துக் காட்டினார்கள்.

ஆயினும், இந்தப் பொடி எல்லா உலைக்கும் ஏற்றதல்ல. ஒரு கிலோ ஹைட்ரைடுக்குள் அடங்கியிருக்கும் ஹைட்ரஜன், நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ 500 லிட்டர் வாயுவாக வெளிவரும். எங்கள் உலையில் 400 டிகிரியை நெருங்கும்போது வெற்றிடமானி மெல்ல ஏறத் தொடங்கி, 500க்கும் 600க்கும் இடையில் உச்சத்தைத் தொட்டு, பிறகு சூடு கூடக் கூட இறங்குகிறது. அந்த ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டே சூட்டை நிமிடத்துக்கு மூன்று நான்கு டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் துண்டு வெடிப்பு விடும். பம்பு வெளியேற்றும் வாயுவைக் கட்டடத்துக்கு வெளியே உயரமான குழாய் வழியாக விட்டாக வேண்டும். காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் கலந்தால் அது தீப்பற்றும் கலவை. கசிவு சோதனை செய்யாத பழைய உலை வைத்திருப்பவர்கள் இந்த டின்னைத் தொடவே வேண்டாம்.

இன்னும் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். அச்சிலிருந்து எடுத்த ஹைட்ரைடுத் துண்டின் ஓரங்கள் விரல் பட்டாலே உதிரும். கூர்மையான விளிம்புகளைத் தவிர்த்து அச்சை வடிவமைப்பது நல்லது. சுருக்கமும் கூடுதல்: நீளத்தில் எட்டில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும் என்பதால், உலோகப் பொடிக்குச் செய்து வைத்த அச்சு இதற்கு உதவாது.

6-4 கலவை வேண்டுவோருக்கு இவர்கள் தனிக் கலவைப் பொடி விற்பதில்லை. அலுமினியம் 60, வனேடியம் 40 என்ற விகிதத்திலுள்ள தாய்க்கலவைப் பொடியைச் சிறு பொட்டலங்களில் தருகிறார்கள். 100 கிராம் உலோகத்துக்குப் பத்துக் கிராம் தாய்க்கலவை போதும். மீதித் தொண்ணூறு கிராம் டைட்டானியத்தைப் பெறுவதற்கு, வெளியேறப்போகும் ஹைட்ரஜனையும் கணக்கில் சேர்த்து, 93.8 கிராம் ஹைட்ரைடு நிறுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பட்டறையின் சுவரில் அச்சடித்து மாட்டி வைத்திருக்கிறார்கள். கலந்து அழுத்திச் சூடேற்றும்போது அலுமினியமும் வனேடியமும் டைட்டானியத்துக்குள் பரவிக் கலந்துவிடுகின்றன. பரவல் நிறைவு பெறுவதற்கு உச்ச வெப்பத்தில் சில மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

ஹைட்ரஜன் நீக்கிய உலோகப் பொடிக்கு வருகிறேன். எங்கள் நுண்துளைக் குழாய்களுக்கு இதுதான் வேண்டும். ஏனெனில் அங்கே துளைகள் அடைபடாமல் நிற்பதுதான் நோக்கம். அதிகம் சுருங்கும் ஹைட்ரைடு அதற்குப் பொருந்தாது. இவர்களுடைய பருமனான பொடியின் துகள்கள் உடைந்த கண்ணாடித் துண்டுகளின் வடிவில், முனைகளும் மூலைகளுமாக இருக்கின்றன. உருண்டையான பொடியைவிட அவை ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதால், குறைந்த அழுத்தத்திலேயே குழாய் உருவம் கலையாமல் நிற்கிறது. சின்டரிங் முடித்து நீரில் மூழ்கவைத்துக் காற்றை ஊதினால், குழாயின் மேலெங்கும் சிறு குமிழிகள் சீராகக் கிளம்புகின்றன. கையுறையின் பிசுபிசுப்பைப் போக்கும் குளோரின் நீரில் டைட்டானியம் அரிப்பின்றி நீண்ட காலம் உழைக்கும். ஆனால் ஈரமில்லாத குளோரின் வாயு அதே டைட்டானியத்தைத் தீப்பற்ற வைத்துவிடும். ஆகவே, வாயு வரும் பக்கம் எப்போதும் நீர் நிறைந்திருக்குமாறு அமைப்பை ஏற்படுத்திய ஆலைகளுக்கு மட்டுமே நாங்கள் இந்தக் குழாயை விற்கிறோம்.

இந்தப் பொடியில்தான் எனக்குக் குறையும் உண்டு. ஹைட்ரஜனை நீக்கும் சூட்டில் அளவு மீறினாலோ, நேரம் கூடினாலோ, துகள்கள் அங்கேயே ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். அப்படி ஒட்டிய பொடியை மறுபடியும் அரைத்தாக வேண்டும். அரைக்கும்போது உடையும் ஒவ்வொரு ஒட்டும் புதிய மேற்பரப்பைக் காற்றுக்குக் காட்டுவதால் ஆக்சிஜன் ஏறுகிறது. எங்களுக்கு வந்த ஒரு டின்னைத் திறந்தபோது, மேலே பொடியாகவும் அடியில் விரல் நுனியளவுக் கட்டிகளாகவும் இருந்தது. சீட்டிலிருந்த ஆக்சிஜன் எண் அரைப்பதற்கு முன் எடுத்த மாதிரிக்கு உரியது என்பதும் விசாரித்த பிறகே தெரிந்தது. டின்னைத் திருப்பிக் கொண்டுபோனபோது அண்ணன் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார். இனி கடைசிச் சலிப்புக்குப் பின்னரே மாதிரி எடுப்பதாகவும் சொன்னார், அதன்படியே செய்து வருகிறார். இருந்தாலும் மிச்ச ஹைட்ரஜனின் அளவை இந்த டின்களில் இன்னும் எழுதுவதில்லை. முடிந்த பாகத்தில் ஹைட்ரஜன் 0.015 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தரநிலை சொல்லும்போது, பொடியில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும். இந்த எண்ணையும் சீட்டில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன்.

கடைசல் பட்டறைகளில் சேரும் டைட்டானியச் சீவல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலிக்குப் பொடியாக்கியும் தருகிறார்கள். இதை நான் அரைமனத்தோடுதான் பரிந்துரைக்கிறேன். வெட்டு எண்ணெயைச் சரியாகக் கழுவாவிட்டால் கார்பன் ஏறும். இரும்புத் துணுக்குகளைக் காந்தத்தால் பொறுக்குகிறார்கள். முறிந்த வெட்டுக் கருவியிலிருந்து உதிரும் டங்ஸ்டன் கார்பைடுத் துணுக்குகளை அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடியாது. எடைக்கல், அலங்காரப் பொருள், மாணவர் பயிற்சிக்கான துண்டு ஆகியவற்றுக்குப் போதுமானது. சுமை தாங்கும் பாகத்துக்குச் சீவல் பொடியைப் பயன்படுத்த நான் ஒப்ப மாட்டேன்.

பாதுகாப்பில் இவர்களுடைய நடத்தை முன்மாதிரியானது. முதன்முறை டின்னைத் திறந்து காட்டச் சொன்னபோது, “தம்பி, முதலில் அந்தக் காற்றாடியை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்றார் அண்ணன். பிறகு மேசையிலிருந்து தரைக்குப் போகும் செப்புக் கம்பியின் கவ்வியை டின்னின் விளிம்பில் மாட்டிவிட்டுத்தான் மூடியைத் தொட்டார். நுண்பொடி காற்றில் மிதந்தால், நிலைமின்சாரத்தின் ஒரு பொறியே போதும். மூலையில் காய்ந்த மணல் வாளிகளும் உலோகத் தீக்கான டி வகை அணைப்பானும் இருக்கின்றன. எரியும் டைட்டானியத்தின் மேல் நீரை ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெரிதாகும். கரியமில வாயு அணைப்பானும் உதவாது. வாங்கிச் செல்பவர்கள் தங்கள் வட்டாரத்துப் பொம்பா (தீயணைப்பு) நிலையத்திடம் இப்படியொரு பொருளை வைத்திருக்கிறோம் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும் என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறார்கள்.

அஞ்சல் வழியாக அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். மறுத்துவிடுவார்கள், மறுப்பது சரியும்கூட. ஆபத்தான சரக்குகளுக்கான ஐநா பட்டியலில், ஹைட்ரைடு ஐநா எண் 1871இன் கீழ் தீப்பற்றும் திடப்பொருளாகவும், காய்ந்த டைட்டானியப் பொடி ஐநா எண் 2546இன் கீழ் தானாகத் தீப்பற்றக்கூடிய பொருளாகவும் வகைப்படுத்தப்பட்டவை. நேரில் வந்து எடுத்துக்கொள்வது அல்லது ஆபத்தான சரக்கு ஏற்றுவதற்கு உரிமம் பெற்ற லோரியை அமர்த்துவது என்ற இரண்டு வழிகளே உண்டு. வெளிநாட்டிலிருந்து சிறிய அளவில் வரவழைக்கும்போது பொடியின் விலையைவிட இந்தச் சரக்குக் கட்டணமே நம்மை வருத்தும் என்பதால், பேராக், பினாங்கு வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டறை பெரிய வாய்ப்பு. ஹைட்ரைடு, உலைவேலை ஒன்று குறைவதால், உலோகப் பொடியைவிட மலிவாகவே கிடைக்கிறது.

டின்னின் அளவைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு. இப்போது ஒரு கிலோ டின் மட்டுமே தருகிறார்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் டின்னை அடிக்கடி திறந்து மூடினால், ஆர்கான் நிரப்பி மூடிய பயன் போய்விடுகிறது. 250 கிராம் டின்களில் கொடுத்தால் சிறு பட்டறைகளுக்கு வீணாகாது.

லேசர் கொண்டு அடுக்கடுக்காக உருக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்குப் பொடி தேடுவோர் இங்கே வர வேண்டியதில்லை. அவற்றுக்குத் தடையின்றி வழியும் உருண்டைப் பொடி வேண்டும். அது உருகிய உலோகத்தை வாயுவாலோ பிளாஸ்மாவாலோ சிதறடித்துச் செய்யப்படுவது. மூலைகள் கொண்ட இந்தப் பொடி அந்த இயந்திரத்தின் பரப்புத் தகட்டில் தடுமாறி நிற்கும். அச்சில் அழுத்திச் சின்டரிங் செய்கிறவர்கள், 325 மெஷ் ஹைட்ரைடை முன்பணம் கட்டிச் சொல்லி வைத்துவிட்டு, எடுக்க வரும்போது தொகுதியின் ஆக்சிஜன் எண்ணைச் சீட்டில் சரிபார்த்து, அதன் படமொன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்பைப் புரட்டிப் பழைய தொகுதிகளின் எண்களைக் காட்டச் சொன்னாலும் அண்ணன் முகம் சுளிப்பதில்லை.